இறங்க மறுத்தவர்

அன்பு மகள் மார்செல்லாவுக்கு, மில்வாக்கியிலிருந்து அம்மா எழுதுவது. அலாஸ்கா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு நோய் நொடி இல்லை, அலுப்புதான். கூரைக் குழாயெல்லாம் இலை அடைத்துக் கிடக்கிறது, சுத்தம் செய்ய வருகிறேன் என்றவன் வரவில்லை, எனக்கும் திரும்பக் கூப்பிடத் தெம்பில்லை.

அப்பாவின் கார் விஷயமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு கோடையே போய்விட்டது. சாவியைக் கேட்டால் அவர் வாயில் அந்தப் பழைய பேஸ்பால் வீச்சாளர்கள் ஸ்பானும் மரிச்சலும்தான். லூசில், ஒன்பதோட முடியற ஆட்டத்துல அந்த ரெண்டு பேரும் பதினாறு இன்னிங்ஸ் மேட்டை விட்டு இறங்காம வீசினாங்க, நான் கறிக்கடை வரைக்கும் ஓட்டக் கூடாதா என்று என்னைக் கேட்பார். நாப்பத்திரெண்டு வயசு ஸ்பானே நிக்கிறப்ப நான் எப்படி இறங்குவேன்னு மரிச்சல் கேட்டானாம், என்பார். ரேடியோவில் அந்த ஆட்டத்தை விடிய விடியக் கேட்டவர், தானும் பந்து வீசிப் பெயர் வாங்கியவர், அவருக்கு அது வேதம். எனக்குக் காது புளித்துவிட்டது. அவங்க முன்னால நின்னவன் கையில மட்டை இருந்துச்சு, உங்க முன்னால ரோட்டைத் தாண்டுறது பச்சப் புள்ளைங்க என்று ஒருநாள் கத்தியே விட்டேன். போன செவ்வாய்க்கிழமை அதுவே நடக்கப் பார்த்தது. பிள்ளைகளை இறக்கிவிட நின்றிருந்த பள்ளிப் பேருந்தைத் தாண்டிக் காரை விட்டுவிட்டார், ஒரு சின்னப் பெண், அவள் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எல்லாம் பார்த்தேன். அவருக்கோ அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை, வீட்டுக்கு வந்து சூப் ஆறிவிட்டது என்று கோபித்துக்கொண்டார்.

வேறு வழி தெரியாமல் அவருடைய பழைய பேஸ்பால் டீம் மேனேஜர் டச் ஹாஃப்னரைக் கூப்பிட்டு அழுதேன். நேற்று மத்தியானம் டச்சை அவர் மகள் கொண்டுவந்து விட்டாள். அப்பா கறிக்கடைக்குக் கிளம்பி, காரை உறும விட்டுக்கொண்டு வாசலில் இருந்தார். டச் நடைபாதையில் வரவில்லை. பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி புல்வெளிக்குக் குறுக்கே நடந்து வந்தார். அந்த நடையை நீயும் சின்ன வயதில் எத்தனை தடவை பார்த்திருப்பாய், மைதானத்தில் மேனேஜர் அப்படி வந்து கையை நீட்டினால் வீச்சாளர் பந்தைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். டச் கார் ஜன்னலில் கையை நீட்டினார். இன்னும் தெம்பு இருக்கு பாஸ் என்றார் அப்பா. தெரியும்டா, நல்லாத்தான் வீசினே, போதும் என்றார் டச். அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரை அணைத்துச் சாவியை அதில் வைத்தார். அடுத்து யாரு வர்றா என்று கேட்டார். மாற்று வீச்சாளரைக் கூப்பிடுகிற மாதிரி டச் தன் வலது கையைத் தட்டி என்னைக் காட்டினார், நான் ஈர ஏப்ரனும் உரித்த உருளைக்கிழங்குமாக நின்றுகொண்டிருந்தேன். அப்பா என்னைக் கடந்து போகும்போது முதுகில் தட்டி, பேஸ்ல ஆள் நிக்குது, அசந்தா ஓடிடுவான், பார்த்து வீசு என்றார். உள்ளே போய், மாற்றப்பட்ட ஆட்டக்காரர்கள் உட்காருவார்களே, அதுபோலப் பாத்திரம் துடைக்கிற துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

நான் ஸ்டியரிங்கைத் தொட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது, எதிரே வருகிற கார்களுக்குக் குறுக்கே இடது பக்கம் திருப்ப இன்றும் பயம். இன்று காலை வலது பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போய்க் கறிக்கடையில் சாசேஜ் வாங்கி வந்தேன், பக்கத்தில் உட்கார்ந்து அவர் வழி நெடுகக் குறை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவரிடம் காரைப் பற்றி எடுக்காதே, பதினாறு இன்னிங்ஸ் கதையைத் தொடங்கினால் முழுக்கக் கேள். மாத்திரையை வேளைக்குப் போடு, மாப்பிள்ளையோடு சண்டை பிடிக்காதே, கடவுள் உங்கள் இருவரையும் காப்பார். இதையும் மறக்காதே மார்சி, அவருக்குப் பின்னால் நான் இருந்தேன், எனக்குப் பின்னால் பந்தை வாங்க யாரும் தோளை உதறிக்கொண்டு தயாராக நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்காவது வா.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
லூசில்