அட்டைக் காற்றாலையும் அப்பாவின் வாயும்

அன்பு மகள் சின்னவளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அக்கா வீட்டிலும் அப்படியே. அங்கே நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். நம் கண்ணாடிக் கடையில் வியாபாரம் சுமார்தான், பிரேமைப் போட்டு அழகு பார்த்துவிட்டு விலை கேட்டதும் கழற்றி வைப்பவர்களே அதிகம். அம்மா சில நாளாக என்னோடு பேசுவதில்லை, தட்டை வைக்கிற சத்தத்தில்தான் சாப்பாடு தயார் என்று தெரிந்துகொள்கிறேன். காரணத்தை அவள் உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா மகள் வாலுவைப் பள்ளியில் அட்டையில் காற்றாலை செய்து வரச் சொன்னார்கள். குழந்தைக்கு என்ன தெரியும் என்று கடையில் உட்கார்ந்து நானே செய்தேன், ஊதினால் சுற்றும், அவ்வளவு நேர்த்தி. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, தாத்தா நன்றாகச் செய்திருக்கிறார், இனிமேல் கோணல்மாணலாக வந்தாலும் நீயே செய் என்று அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. வேற வேலை கிடைக்காதவங்கதானே டீச்சரா வர்றாங்க, பாதி நாள் லீவு, மீதி நாள் நம்மளத் திருத்துறாங்க என்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போட்டுவிட்டேன். ஆளாளுக்குச் சிரித்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அது குரூப் குரூப்பாகப் போய், அவரவர் பங்குக்கு ஒரு குறை சேர்த்து, கடைசியில் தலைமையாசிரியை அந்த டீச்சரைக் கூப்பிட்டு விசாரித்து வகுப்பையே மாற்றிவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அடி வாங்கியது வேறு ஆள்.

அம்மா நான் பேசியதைப் போட்டுக் கேட்டுவிட்டு, நம்ம சின்னவ என்ன வேலை பாக்குறா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதுவரை எனக்கு உன் ஞாபகமே வரவில்லை, அதுதான் வெட்கம். கடைக்கு வருகிறவர்கள் விசாரித்தால்கூட மகள் வெளிநாட்டில் இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன், டீச்சர் என்று சொல்ல வாய் வராது. நேற்று அதே குரூப்பில் தப்பு என்னுடையதுதான் என்று பேசிப் போட்டேன், கேலிக்குச் சிரித்தவர்கள் அதன் கீழே காலை வணக்கப் படம் போட்டார்கள். டீச்சரைப் பழைய வகுப்புக்கே போடச் சொல்லிப் பள்ளிக்கும் போனேன். தலைமையாசிரியை, பார்க்கலாம் என்றார், அந்தப் பார்க்கலாமை நம்பாமல் நாளைக்கும் போவேன். டீச்சர் பழைய வகுப்பில் பிள்ளைகள் வரைந்த படங்களை ஓரம் கிழியாமல் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார், உன் வயதுதான் இருக்கும். மன்னிச்சுக்கம்மா என்றேன். பரவால்ல சார், பழகிடுச்சு என்று சிரித்தார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நாள் முழுக்கக் கத்துகிற தொண்டை, வெந்நீர் குடி. மனக்குறை இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பா அம்மா ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. பதில் போட மறக்காதே, ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுது. உனக்கும் பழகிவிட்டதா, மகளே?

இப்படிக்கு,
உன் அப்பா