கவுதாரிப் புதரில் கட்டிய சேலைத் துணி

அனுப்புநர்:
சி. பொம்மையன்,
தற்காலிகக் காட்டுக் காவலர்,
மொட்டைக்கரடு, கன்னிவாடி அருகில்,
திண்டுக்கல் தாலுகா, மதுரை ஜில்லா.

பெறுநர்:
வனத்துறை மேலதிகாரி அவர்கள் சமூகம்,
திண்டுக்கல்.

பொருள்: மொட்டைக்கரட்டு இளங்காட்டில் விறகுக் கண்டிராக்டர் உடையப்பனும் அவர் ஆட்களும் அடைகாத்த கவுதாரிகளை அடித்துக் கொன்று, தீவைத்து, என் கையை முறித்தது குறித்தும், வருகிற திங்கட்கிழமை வெட்டை நிறுத்தக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கோபத்தில் பாதியை மனு எழுதும் பக்ருதீன் பாய் வெட்டிவிட்டார். “அதிகாரிக்குப் போற காகிதம் அப்பு, செத்த நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்லு” என்றார். கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

2. மொட்டைக்கரட்டுக் காட்டில் விறகை ஒரே மூச்சில் வெட்டுவதில்லை. வருஷத்துக்கு ஒரு பங்கு என்று மாற்றி மாற்றி வெட்டுகிறோம். வெட்டிய கட்டை துளிர்த்து, மூன்றாம் வருஷம் உசிலும் விராலியும் சூரைமுள்ளும் இடுப்பளவு அடர்ந்துவிடும். கவுதாரியும் காடையும் முயலும் குடியிருப்பது அந்த இளங்காட்டில்தான். மொட்டை நிலத்தில் பருந்து தூக்கிவிடும். முற்றிய காட்டில் கூடு மறைக்கப் புல் இருக்காது. இப்போது அப்படிப்பட்ட இளங்காடு கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, ஆக இரண்டுதான்.

3. இளங்காட்டில் கட்டைக்கு இரண்டு தளிர் விட்டு மற்றதைக் கழிக்க ஆள் இறங்குவார்கள். கூட்டின்மேல் அரிவாள் விழக்கூடாதென்று, கூடு உள்ள புதரிலெல்லாம் என் சம்சாரம் மாயம்மாளின் பழைய சிவப்புச் சின்னாளப்பட்டிச் சேலையைக் கிழித்துக் கட்டினேன். நாலு வருஷமாக இதுவே வழக்கம். துணி கட்டிய புதரை வெட்டுகிறவர்கள் சாமிக்கு நேர்ந்துவிட்டதைப் போல விலக்கிப் போவார்கள். இந்த வருஷம் நாற்பத்தொரு துணி கட்டினேன். ஐயா, தவளை தன் வாயால் கெட்டது. நான் என் கையால் கெட்டேன்.

4. சென்ற 12-5-1959 செவ்வாய்க்கிழமை காலை, உடையப்பன் தன் வீட்டு விருந்துக்குக் கறி வேண்டுமென்று ஒன்பது ஆட்களோடு கிழக்கு இளங்காட்டில் நுழைந்தார். “ஏலே, தேடாதீக. செவப்புத் துணி தெரியிற எடமெல்லாம் கறி இருக்கு. காவக்காரனே அடையாளம் கட்டி வச்சிருக்கான்” என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அடைக் கவுதாரி ஆள் மிதிக்கிற வரைக்கும் எழும்பாது. அதனால் அவர்களுக்கு வலையும் தேவைப்படவில்லை, துப்பாக்கியும் தேவைப்படவில்லை. கம்பு போதுமாயிருந்தது. துணிக்குத் துணி நடந்து, தலையில் அடித்துச் சாக்கில் போட்டார்கள். முட்டைகளை மிதித்தே போனார்கள்.

5. சோறு கொண்டுவந்த மாயம்மாள், “அடப் பாவிகளா, அம்புட்டும் முட்டையில உக்காந்திருக்குடா!” என்று குறுக்கே விழுந்தாள். மயிரைப் பிடித்து முள்ளில் இழுத்தார்கள். நான் உடையப்பனின் சட்டையைப் பிடித்தது உண்மை, மறைக்கவில்லை. அவர் கையிலிருந்த கோடாலிக் காம்பால் என் வலது மணிக்கட்டில் மூன்று அடி. இரண்டாவதிலேயே எலும்பு போய்விட்டது. மூன்றாவது எதற்கென்று அவரைத்தான் கேட்க வேண்டும். பிறகு தடயம் தெரியாமலிருக்கக் காய்ந்த புல்லில் தீவைத்தார்கள். கிழக்கு இளங்காடு முழுதும் போயிற்று. இருபத்து நான்கு கூடுகள். மிதிபடாத முட்டைகள் தீக்குள்ளே வெடித்த சத்தம் கேட்டு மாயம்மாள் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

6. தீயை வைத்தது நானே என்று உடையப்பன் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், என் வேலை போகுமென்றும் சொல்கிறார்கள். அதை விசாரித்து எப்படி வேண்டுமானாலும் முடிவு செய்யுங்கள். வேலைக்காக இந்த மனு இல்லை.

7. மேற்கு இளங்காட்டில் பதினேழு கூடுகள் மிச்சம். திங்கட்கிழமை அங்கே தளிர் கழிக்க இறங்கப்போவது அதே ஆட்கள். துணி இருந்தால் கம்பு வரும். ஆகவே நேற்று இடது கையாலும் பல்லாலும் பதினேழையும் அவிழ்த்துவிட்டேன். ஒரு கவுதாரிகூட எழும்பவில்லை. துணி இல்லாவிட்டால் எந்தப் புதரில் கூடு என்று தெரியாமல் அரிவாள் விழும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு வழி தெரியவில்லை.

8. ஆகையால் ஆடி கழிந்து குஞ்சுகள் ஓடும்வரை மேற்கு இளங்காட்டில் ஒருவரும் இறங்கக்கூடாதென்று ஞாயிறு சாயங்காலத்துக்குள் உத்தரவு அனுப்பும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கூடுகளைப் பார்க்க விரும்பினால் தாங்கள் தனியாக வர வேண்டும். வேறு யாருக்கும் காட்ட மாட்டேன். உத்தரவு வராவிட்டால் திங்கட்கிழமை விடியுமுன் நானும் மாயம்மாளும் அந்தப் புதர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்போம். அடையாளத்துக்கு இனி எங்களைத் தவிர வேறு துணி இல்லை.

இணைப்பு: சிவப்புச் சேலைத் துணி, பதினேழு.

இடம்: திண்டுக்கல்
நாள்: 16-5-1959, சனிக்கிழமை

இப்படிக்குத் தங்கள் ஊழியன்,
சி. பொம்மையன்
(வலது கை கட்டில் இருப்பதால் இடக்கையால் ஒப்பமிட்டது)

எழுதியவர்: பக்ருதீன், தாலுகா கச்சேரி வாசல். எழுதுகூலி வாங்கவில்லை.