வெய்னை நடுவில் நிறுத்திய நாள்

அன்பு மாப்பிள்ளை தியாகுவுக்கு,

மைதானத்தில் பனி விலகிக்கொண்டிருக்கிறது. நேற்று சாயங்காலம் வேலை முடிந்து, கோட்-டெ-நெய்ஜ் சரிவில் பஸ்ஸை விட்டிறங்கி, சும்மா அந்தப் பக்கம் நடந்தேன். பாதி புல், பாதி பனி, அதன் மேல் லேசான மூட்டம். எல்லைக் கோட்டருகே பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நீதான் என்று நாலு எட்டு வைத்துவிட்டேன். அவர் தன் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. என் கால்களுக்கு இன்னும் தெரியவில்லை.

உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. நம் வெய்ன் ஊருக்குப் போகிறான். அங்கே அமெரிக்காவில் புதிய ஜனாதிபதி பதவியேற்ற மறுநாளே, போருக்குப் போக மறுத்தவர்களுக்கெல்லாம் மன்னிப்பு என்று சொல்லிவிட்டார். இனி எல்லையில் யாரும் அவனைப் பிடிக்க மாட்டார்கள்.

அவன் வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? அறுபத்தொன்பதின் இலையுதிர்காலம். நான் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். அவன் அங்கே நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் வேலைக்கு வந்தான். பென்சில்வேனியாவில் ஏதோ சுரங்க ஊர். வியட்நாம் போருக்கு அழைப்புக் கடிதம் வந்ததும் எல்லை தாண்டி இங்கே வந்துவிட்டான். ஃபுட்பால் ஆடுவேன் என்று அவன் சொன்னதும் அமெரிக்கர்கள் கையால் ஆடுவதைத்தான் ஃபுட்பால் என்பார்கள் என்று தெரிந்த நீ, “எந்த ஃபுட்பால்? கையாலயா, காலாலயா?” என்று கேட்டாய். “காலாலதான்” என்று சிரித்தான். அடுத்த ஞாயிறே நீ பயிற்சி தந்த நம் டீமில் லெஃப்ட் பேக். இடது ஓரத்தில் நின்று எதிராளியைத் தடுக்கிற வேலை.

ஆட்டம் முடிந்தால் உன் வீட்டில் டிபன். என் தங்கை வசந்தா தோசை வார்ப்பாள், நாம் இருவரும் வெய்னை அலசுவோம். பந்தைப் பறித்தபின் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிறவன் இல்லை அவன். தலையைத் தூக்கிப் பார்த்து, தூரத்தில் நிற்கிறவன் காலடியில் கொண்டுபோய் வைப்பான். நல்ல ஓட்டம், அபாரமான இடது கால். வலது கால் நிற்பதற்கு மட்டும்தான். இன்னொரு குறையும் உண்டு. பந்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் நழுவிப் போகிறவனை மறந்துவிடுவான்.

“அவன் லெஃப்ட் பேக்குக்குன்னே பொறந்தவன்” என்பேன் நான்.

“நடுவுல, கோல்கீப்பருக்கு முன்னால கடைசி ஆளா நிறுத்திப் பாக்கணும் மச்சான்” என்பாய் நீ.

“ஒத்தைக் கால்காரனையா?”

வசந்தாதான் ஒருநாள் தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்து, “அதை அவர்கிட்டயே கேக்கலாமில்ல?” என்றாள். நாம் ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை?

எழுபத்துமூன்று செப்டம்பர். ஜெயித்தால் கோப்பை. மலைச்சரிவில் இலையெல்லாம் சிவந்து, ஆட்டக்காரர்கள் கூப்பிடுகிற குரல்கூட எங்கோ தொலைவிலிருந்து வருகிற மாதிரி இருந்த மதியம். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், தொப்பி வைத்த ஒரு பெரியவர் நமக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வெய்னின் அப்பா. நாலு வருஷமாக மகனுக்கு ஒரு வரி எழுதாதவர். மைதானத்தையும் நேரத்தையும் குறித்து வெய்ன் எழுதிய கடிதத்துக்கும் பதில் போடவில்லை, காரை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

“மூணாம் நம்பர் என் பையன். எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. எப்படி ஆடறான்?” என்று கேட்டார்.

நீ எதையும் மறைக்கவில்லை. இடது காலைச் சொன்னாய், வலது காலையும் சொன்னாய். முதுகுக்குப் பின்னால் மறந்துபோவதைச் சொன்னாய். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஊர்ல அவனைக் கோழைன்னு சொல்றாங்க” என்றார்.

நீ மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நாலு வருஷமா பாக்கறேன். தப்பு பண்ணியிருக்கான். தப்பு பண்ணின இடத்தை விட்டு ஓடினதில்லை. அவனைக் கடைசி ஆளா நிறுத்தலாம்.”

அவர் எல்லைக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இடைவேளைக்குப் பின் நீ வெய்னை நடுவுக்கு மாற்றினாய். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கையில் பந்து அவனுடைய வலது காலுக்கு வந்தது. அதை இடது காலுக்கு மாற்றப் பார்த்த அந்த ஒரு நொடியில் எதிராளி தட்டிக்கொண்டு போய்விட்டான். ஒரு கோல். தோற்றோம். விசில் ஊதியதும் அந்த அப்பா மைதானத்துக்குள் நடந்துபோய் மகனின் தோளில் கை வைத்தார். நான் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டேன்.

காரருகே உன்னிடம் கத்தினேன். “அப்பா பாக்கணும்னு பையனை நடுவுல நிறுத்தின. ஒருத்தனுக்காகப் பதினோரு பேர் ஆட்டத்தைத் தூக்கிக் குடுத்துட்ட.”

“அப்படியா நினைக்கிற?” என்று மட்டும் கேட்டாய்.

நான் ஞாயிறுகளில் வருவதை நிறுத்தினேன். அந்த மாதமே ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்க்கு வீடு மாறியது நல்ல சாக்காயிற்று. பிப்ரவரியில் ஒருநாள் காலை, காரை மூடிய பனியை நீ வாரிக்கொண்டிருந்தபோது உன் நெஞ்சு நின்றது. ஆஸ்பத்திரிக்குள் உன்னைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தவன் வெய்ன். வண்டியைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். உன்னிடம் என்னென்னவோ பேசினேன். கேட்டதா உனக்கு?

டீமை நான் எடுத்துக்கொண்டேன். வீம்புக்காக வெய்னை லெஃப்ட் பேக்காகவே வைத்திருந்தேன். போன அக்டோபரில் நடுவில் ஆடுகிறவனுக்குக் கணுக்கால் பிசகியது. வேறு ஆளில்லாமல் வெய்னை அங்கே போட்டேன். மாப்பிள்ளை, அரைமணி நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. கடைசி ஆளுக்குப் பின்னால் மறந்துபோக யாருமே இல்லை. மொத்த ஆட்டமும் அவன் கண்ணுக்கு முன்னால். தலையைத் தூக்குவான், பந்தை அனுப்புவான். வலது பக்கத்தை இன்னொருவன் பார்த்துக்கொண்டால் போதும்.

அன்றே வசந்தாவிடம் போய் உன் ஆட்ட நோட்டைக் கேட்டு வாங்கினேன். அந்தக் கோப்பை ஆட்டத்துக்கு முந்தின புதன்கிழமை எழுதியிருக்கிறாய்: ‘இரண்டாம் பாதியில் வெய்ன் நடுவில். அவர்களுடைய வேகமான ஆள் இவன் முதுகுக்குப் பின்னாலேயே போவான்.’

அப்பா வருவார் என்று வெய்னுக்கே தெரியாத புதன்கிழமை. அன்றைக்குக் காரருகே இதை ஏன் சொல்லவில்லை நீ? சொன்னால் கேட்கிற நிலையில் நான் இல்லை என்றா?

போன வாரம் வெய்ன் விடைபெற வந்தான். “அப்பா ஊர்ல எல்லார்கிட்டயும், என் பையன் கடைசி ஆளா நிக்கறவன்னு சொல்லிக்கிட்டிருந்தாராம். எங்கேருந்து புடிச்சார் அந்த வார்த்தையை?” என்று கேட்டான். நீ அன்று சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம், “ஜூன்ல திரும்பி வந்துடுவேன். நடுவுல என் இடம் இருக்கும்ல?” என்றான். இருக்கும் என்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க உன் வீட்டுப் பக்கம் நான் ஏன் வரவில்லை என்று வசந்தா இன்றுவரை கேட்டதில்லை. நோட்டைக் கொடுத்தபோதும் கேட்கவில்லை. இந்த ஞாயிறு மெட்ரோ பிடித்துப் போகிறேன். நீ சொன்னதுதான் சரி, தப்பு என்னுடையது என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்வேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் உள்ளே போனாலும் உட்கார்ந்திருப்பேன். அடுத்த ஞாயிறும் போவேன்.

உன்னோடு பேசாமல் ஒரு குளிர்காலத்தை வீணாக்கிய
உன் மச்சான்,
சபாபதி