சிங்கம் அவ்வளவு பெரிதில்லை

பன்வில
8.9.2024

அன்பு மகன் திலீபனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் மழையைக் கண்டால் முணுமுணுக்கிறது. கொழும்பில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர நீ எனக்கு வேறு வழி வைக்கவில்லையே.

கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "அம்மா, சொல்றதக் கேளுங்க" என்று குரலைத் தாழ்த்தினால் நான் உருகிப்போய்ச் சரி என்று சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தில் நான் சரி சொல்லப்போவதில்லை. அதனால்தான் பேனை எடுத்தேன். நீயும் எழுது. இது முடியும்வரை உன் போனை எடுக்க மாட்டேன். ஒன்பது வருஷம் உன்னைக் கடிதத்தில்தானே வளர்த்தேன், நம் இருவருக்கும் பழக்கம் விட்டிருக்காது.

விஷயம் இதுதான். நவம்பர் நாலாம் திகதி நான் சிங்கப்பூர் போகிறேன். பயப்படாதே, வேலைக்கு இல்லை. சுற்றிப் பார்க்க. நாலு நாள்.

கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போனும் போட்டோகொப்பியுமாகக் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறாளே சப்னா, தினமும் காலையில் நான் பொரித்து விற்கும் ரோல்ஸில் இரண்டு வாங்குகிறவள், அவள்தான் மூன்று வாரமாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்து மலிவான டிக்கெட் பிடித்தாள். ஏழு கிலோ பைக்கு மேல் கொண்டுபோக முடியாது. பிளேனில் சாப்பாடும் தர மாட்டார்களாம். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போவேன், பக்கத்துக் கதிரைக்காரருக்கு மூக்கில் வேர்க்கட்டும். தங்குவதற்கு சிராங்கூன் பக்கம் ஓர் இடம். ஒரு அறையில் எட்டுப் பெண்கள், மேலும் கீழுமாகக் கட்டில். முழங்காலைச் சொல்லிக் கீழ்க்கட்டில் கேட்டிருக்கிறேன். தண்ணீர் கக்கும் சிங்கம், பூந்தோட்டம், இரவில் காட்டும் விளக்கு வேடிக்கை எல்லாம் இலவசமாம். காசு கொடுத்துப் பார்க்கப்போவது ஒன்றே ஒன்றுதான், கேபிள் கார். அதில் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

புதுப் பாஸ்போட் வந்துவிட்டது. போட்டோவில் நான் யாரையோ அடிக்கப்போவது போல இருக்கிறேன். நல்லதுதான்.

உன் அம்மா,
ஜெயராணி


கொழும்பு
15.9.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதினேழு முறை போன் எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன்.

அம்மா, நீங்கள் அந்த ஊரில் ஒன்பது வருஷம் இருந்தவர். பார்க்காதது என்ன இருக்கிறது? சிங்கம், கேபிள் கார், மிருகக்காட்சிசாலை எல்லாம் ஒன்று விடாமல் எனக்கு எழுதினீர்கள். ஒட்டகச்சிவிங்கி உங்கள் உள்ளங்கையை நக்கியது, அதன் நாக்கு கறுப்பு என்று எழுதின கடிதத்தை தெல்தோட்டையில் எங்கள் வகுப்பு டீச்சர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அப்பாவும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் பெரியம்மா வீட்டில் வளர்ந்த எனக்கு, வகுப்பில் தலைநிமிர அந்தக் கடிதங்கள்தான் இருந்தன. பார்த்த இடத்தையே மறுபடி பார்க்கவா எட்டுப் பேரோடு ஒரு அறையில் போய்ப் படுக்கப்போகிறீர்கள்?

தையில் எனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் நீங்கள் தனியாகப் போனால் ஊர் என்ன சொல்லும்? திரும்ப வேலைக்குப் போய்விட்டார் என்றுதான் சொல்லும். கிருஷாந்தி வீட்டுக்காரர் காதிலும் அது விழும். அவர்களிடம் உங்களைப் பற்றி எவ்வளவு மரியாதையாகச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

கல்யாணம் முடியட்டும். நானும் கிருஷாந்தியும் உங்களை நல்ல ஹோட்டலில் வைத்துக் கூட்டிப்போகிறோம். இது சத்தியம். இப்போது டிக்கெட்டை விட்டுவிடுங்கள்.

அன்பு மகன்,
திலீபன்


பன்வில
22.9.2024

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் அழுகை வந்தது, இரண்டாம் தரம் கோபம் வந்தது. கோபம் வந்த கையோடு எழுதுகிறேன்.

நீ என்னைப் பற்றி மரியாதையாகச் சொல்லி வைத்த கதையை எடுப்போம். ஆவணியில் கட்டுகஸ்தோட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். கிருஷாந்தியின் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, "டீச்சரம்மா, சிங்கப்பூர்ல எந்த வகுப்புக்குப் படிப்பிச்சீங்க?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ பிஸ்கட் தட்டைப் பார்த்தாய். அப்போதுதான் விளங்கியது. "சின்னப் பிள்ளைங்களுக்கு" என்று சொன்னேன். அந்தத் தேத்தண்ணி இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

என்னை டீச்சராக்கினால் உனக்கு மரியாதை. வீட்டு வேலை செய்தவள் என்றால் மரியாதை இல்லை. அந்த வேலையில்தானே உனக்குச் சப்பாத்து வந்தது, ரியூஷன் வந்தது, வங்கியில் உட்காரும் கதிரை வந்தது?

இப்போது மற்றதையும் கேட்டுக்கொள். நான் சிங்கத்தைப் பார்க்கவில்லை. கேபிள் காரில் ஏறவில்லை. எந்த ஒட்டகச்சிவிங்கியும் என் கையை நக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. பாஸ்போட் அந்த வீட்டு மேடத்தின் மேசை லாச்சியில் பூட்டிக் கிடந்தது. நான் பார்த்த சிங்கப்பூர் சந்தை, அவர்களுடைய மகளின் பாடசாலை வாசல், பதினொன்றாம் மாடியின் ஜன்னல், அவ்வளவுதான். அவர்கள் வெக்கேஷன் என்று வெளிநாடு போகும்போது என்னை மேடத்தின் தங்கச்சி வீட்டில் இறக்கிவிடுவார்கள், அங்கேயும் துடைக்க. வெளியே சாப்பிடப் போனால் பிள்ளைக்கு ஊட்ட நானும் போவேன். எனக்குக் கதிரை இருக்காது.

அந்தப் பிள்ளையிடம் வர்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று இருந்தது. பக்கத்துக்கு ஒரு இடம். அவள் தீட்டி முடித்த பக்கத்தைப் பார்த்து உனக்கு எழுதுவேன். ஒட்டகச்சிவிங்கியின் நாக்குக்கு அவள் கறுப்புப் பூசியிருந்தாள். "அம்மா அங்க என்ன பாத்தீங்க?" என்று ஒவ்வொரு கடிதத்திலும் நீ கேட்டாய். ஆறு வயதுப் பிள்ளைக்கு நான் குசினியைப் பார்த்தேன் என்று எழுதச் சொல்கிறாயா?

கல்யாணத்துக்குப் பிறகு உன் செலவில், உன் பின்னால், உன் டீச்சரம்மாவாக நான் வர மாட்டேன். நவம்பர் நாலு. என் காசு, என் கால்.

அம்மா


கொழும்பு
6.10.2024

அம்மா,

பதில் எழுதப் பிந்திவிட்டது. உங்கள் பழைய கடிதங்கள் எல்லாம் என் அலுமாரியில் இருக்கின்றன, நூற்றுப் பத்துக்கு மேல். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக எடுத்து வாசித்தேன். இனி அவற்றில் எதை நம்புவது? "இன்று உன்னை நினைத்தேன்" என்று இருக்கிறது. அதுவும் புத்தகத்தில் இருந்ததா?

வகுப்பில் ஒருத்தன் "ஒங்க அம்மா அங்க பாத்திரம் தானே கழுவுறாங்க" என்று சொன்னான். அவனுடைய சட்டையைப் பிடித்து, என் அம்மா கேபிள் காரில் போகிறவர் என்று அடித்தேன். எனக்கு ஒன்பது வயது. பொய்க்காக அடித்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

நீங்கள் எழுதினால் அது பாசம். நான் சொன்னால் அது வெட்கம். அப்படித்தானே? நானும் உங்களை நல்ல இடத்தில் வைத்துப் பார்க்கத்தான் சொன்னேன். உங்களிடம் படித்ததுதான் அம்மா.

போகிறதென்றால் போங்கள். கிருஷாந்தி வீட்டில் மட்டும் கல்யாணம் வரைக்கும் எதுவும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் விலகிவிட்டால் என்னால் தாங்க முடியாது. தீபாவளிக்கு நான் வரமாட்டேன். வேலை இருக்கிறது.

திலீபன்


பன்வில
13.10.2024

மகனே,

உன்னை நினைத்தது புத்தகத்தில் இல்லை. அதை இன்னொரு தரம் கேட்டால் கொழும்புக்கு வந்து காதைத் திருகுவேன்.

மற்றபடி நீ சொன்னது சரி. பொய் சொல்ல உனக்குக் கற்றுத் தந்தவள் நான்தான். சின்ன வயதில் உன்னை அடிக்க வைத்ததும் நான்தான்.

அதற்காகத்தான் போகிறேன், விளங்குகிறதா? நான் எழுதினதை நிஜமாக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. என் பொய்யை நான் போய் நேராக்குகிறேன். உன்னுடையதை நீ நேராக்கு. கிருஷாந்தியிடம் நானாகப் போய்க் கோள் சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் இனி டீச்சர் என்று சொல்லமாட்டேன். அதற்கு மேல் என்னிடம் பேரம் பேசாதே.

தீபாவளிப் பலகாரம் பஸ்ஸில் அனுப்புகிறேன். கோபத்திலும் சாப்பிடலாம், நம் சண்டை கடிதத்தில் மட்டும்தான்.

அம்மா


சிங்கப்பூர்
6.11.2024

அன்பு மகன் திலீபனுக்கு,

சிங்கம் அவ்வளவு பெரிதில்லை.

எங்கள் தேயிலை ஃபெக்டரி உயரம் என்று உனக்கு எழுதியிருந்தேன். வந்து பார்த்தால் அதில் பாதியும் இல்லை. எத்தனை பெரிய பொய் என்று தனியாக நின்று சிரித்தேன். படம் எடுத்துக்கொண்டிருந்த சீனக் கிழவர் ஒருவர் பயந்து நகர்ந்துபோனார். காற்று திரும்பி அது கக்கும் தண்ணீர் என் சேலையில் தெளித்தது. இதைப் புத்தகத்தில் பார்த்து எழுத முடியாது, இது நிஜம்.

வந்த கதையைச் சொல்கிறேன். விமான நிலையத்தில் மெஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள். என் விரல் ரேகையை அது எடுக்கவில்லை. இரண்டு தரம், மூன்று தரம். ஒன்பது வருஷம் அவர்களுடைய சவர்க்காரத்தில் தேய்ந்த விரலை அவர்களுடைய மெஷினுக்கே தெரியவில்லை. பிறகு ஒரு பெண் அதிகாரியிடம் அனுப்பினார்கள். எதற்காக வந்தாய் என்று கேட்டாள். "வெக்கேஷன்" என்று சொன்னேன். சத்தமாகவே வந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டு முத்திரை குத்தின மாதிரித் தலையை ஆட்டினாள்.

நேற்று கேபிள் காரில் போனேன். நாலு பேர் உட்காரும் பெட்டியில் நான் ஒருத்தி. மேலே போனதும் பயத்தில் முருகா என்று கத்தினேன். உனக்கு எழுதினதில் பயமே இல்லை என்று இருக்கும், அதையும் திருத்திக்கொள்.

பிறகு அந்தப் பழைய வீட்டுப் பக்கம் போனேன். கீழே நின்று பதினொன்றாம் மாடியைப் பார்த்தேன். என் ஜன்னலில் யாரோ உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். மேலே ஏறவில்லை. அந்த வீட்டு மணிக்கு ஒன்பது வருஷம் ஓடியிருக்கிறேன், இனி அதை நான் அடிப்பானேன்? பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், அப்போது பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டு நின்றேனே, அதே இடத்தில் ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்தேன். தேங்காய்ப்பால் சோறும் நெத்தலியும். ஒரு மணித்தியாலம் எழும்பவில்லை. முடிந்ததும் பழக்கத்தில் மேசையைத் துடைக்கக் கை போனது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது சாப்பிட்டவர்களே தட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டுமாம். டை கட்டின பெரிய மனுஷர்கள் வரிசையில் நின்று தங்கள் தட்டைத் தாங்களே தூக்கினார்கள். அதைக் கண் குளிரப் பார்த்துவிட்டு என்னுடையதையும் கொண்டுபோய் வைத்தேன்.

அறையில் மற்ற ஏழு பேருக்கும் எனக்கு ஒரு மகள் இருந்தால் இருக்கும் வயது. குறட்டை மட்டும் என் வயது.

இனி முக்கியமான விஷயம். பதினேழாம் திகதி ஞாயிறு நாம் கட்டுகஸ்தோட்டைக்குப் போகிறோம், நாள் குறிக்க. அங்கே இந்தப் படங்களைக் காட்டுவேன். சம்பந்தியம்மா "டீச்சரம்மா" என்று கூப்பிட்டால், நான் டீச்சர் இல்லை, இந்த ஊரில் ஒன்பது வருஷம் வீட்டு வேலை செய்தவள் என்று சொல்வேன். அதனால் கல்யாணம் நிற்கும் என்றால் நிற்கட்டும். என் கையைப் பிடிக்கக் கூசுகிற வீட்டில் உனக்குப் பெண் எடுத்து நான் என்ன செய்ய? நீ என்னோடு பேசாமல் போனால் அழுவேன். அழுதுகொண்டும் இதையேதான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை காலை கட்டுநாயக்காவில் இறங்குகிறேன். நீ வரவேண்டாம். கண்டிக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மா,
ஜெயராணி

பி.கு. மேலே எழுதி ஒட்டப்போகும் நேரத்தில் சப்னாவின் மெசேஜ் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "ஆன்ட்டி, ஒங்கட மகன் கடைக்கு வந்தார். நீங்க எந்த பிளைட்ல வாறீங்கண்டு கேட்டார். கூட ஒரு அக்கா. அழுதழுது கண்ணெல்லாம் வீங்கி இருந்திச்சி, ஆனா அவருக்கு நல்லா ஏசிக்கொண்டுதான் நிண்டாங்க. போகக்குள்ள எனக்கிட்ட, மாமிக்கு அங்க ஒரு நாள்கூட லீவு குடுக்கல்லயாமே, உண்மையாண்டு கேட்டாங்க."

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சேலை நனைந்தது சிங்கத்தால் மட்டும் இல்லை.

மேலே எழுதினதை அடிக்கமாட்டேன். அதுவும் நான்தான். ஆனால் இதைத் தபாலில் போடவில்லை. போட்டோ எடுத்து உன் நம்பருக்கே அனுப்புகிறேன். உன் போனை இனி எடுப்பேன்.

வெள்ளிக்கிழமை வா. கிருஷாந்தியையும் கூட்டி வா. வேன் பிடிக்காதே, பஸ்ஸில் போவோம். அவளை என் பக்கத்தில் உட்கார விடு, நீ பின்னால் உட்கார். ஒன்பது வருஷத்தைச் சொல்லி முடிக்கக் கட்டுநாயக்காவில் இருந்து கண்டி வரைக்கும் எனக்கு நேரம் வேண்டும்.