ஈயத்தின் தோல்

நாள் 201, காலை 6.10
குளிர்பதனம் சரி. காந்தங்கள் சரி. மின்கலம் பாதி. இந்த விண்வெளி நிலையத்தில் நான் ஒருவன்தான்: தவசிக்கனி, இயந்திரப் பராமரிப்பு. மற்றவர்கள் கப்பலில் சரக்கு ஏற்றப் போனார்கள், திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். இதைக் கண்டெடுப்பவர் மெதுவாகப் படிக்க வேண்டும். நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். எழுத்து கற்று ஒரு வருடம் ஆகவில்லை. இந்த வயதில் ‘நியூட்ரான்’ என்று எழுதிப் பார்க்க இனிக்கிறது.

நாள் 201, மாலை 5.00
ஜன்னலில் நியூட்ரான் நட்சத்திரம். ஓர் ஊர் அளவுதான், ஆனால் சூரியனைவிடக் கனம். பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சி இன்னும் கனத்துக்கொண்டே போகிறது. தாங்குமா, உள்ளுக்குள் இடிந்து விழுமா என்று ஜன்னல் வழியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் டாக்டர் வடிவு இங்கே ஓர் ஈயத் தகட்டை எலெக்ட்ரான்களால் அடித்துப் பார்த்தார். ஈய அணுக்கருவின் மேல் நியூட்ரான்கள் தோல்போலப் படிந்திருக்கும். தோல் தடித்திருந்தால் அவை ஒன்றையொன்று பலமாகத் தள்ளுகின்றன என்று பொருள். அதே தள்ளல்தான் நட்சத்திரத்தையும் தாங்குகிறது. தோல் தடிமனாக வந்தது. நட்சத்திரம் தாங்கும் என்றார்.

அதை நம்பித்தான் கப்பல் வருகிறது. நாளை மறுநாள் வேகம் குறைப்பார்கள். குறைத்தபின் திரும்பிப் போக எரிபொருள் இருக்காது.

முதுகு வலிக்கிறது. படுக்கிறேன்.

நாள் 202, காலை 7.30
கப்பலிலிருந்து: “அண்ணாச்சி, வடிவு பேசுதேன். ஆயுதபூஜை அன்னிக்கு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சோம்லா? ஈயத் தகட்டுக்கும் வச்சேனான்னு இப்பதான் ஒரு சந்தேகம். தொறந்து பாத்துச் சொல்லுங்க.”

நாள் 202, காலை 11.00
திறந்தேன். தகட்டின் நட்டநடுவில் வட்டமாக, அழகாகப் பொட்டு. எலெக்ட்ரான்கள் அடித்தது ஈயத்தை மட்டும் அல்ல.

அனுப்பியது: “இருக்கு டாக்டரம்மா. மகாராசி மாதிரி இருக்கு.”

பதில்: “ஐயோ, சிரிக்காதீய. கணக்கே தப்பாப் போயிருக்கும். புதுத் தகடு மாட்டி மறுபடி ஓட்டுங்க. பொட்டு கிட்டு வச்சிராதீய!”

அனுப்பியது: “திருநீறாவது பூசலாமா?”

பதில்: “அண்ணாச்சி!”

நாள் 203, காலை 5.40
எண் வந்துவிட்டது. தோல் மெல்லியது. போன முறை வந்ததில் பாதிகூட இல்லை.

இதை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அனுப்பாவிட்டால் வருவார்கள். என்னை ஏற்றிக்கொள்வார்கள். நட்சத்திரம் இன்னும் கொஞ்ச காலம் பொறுத்தாலும் பொறுக்கும். தேநீர் போட்டேன். ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்தேன். கப்பலில் ஒன்பது பேர்.

அனுப்பிவிட்டேன்.

நாள் 203, காலை 8.45
“அண்ணாச்சி, இது தாங்காது. இப்பவே விளிம்புல நிக்கி. நாங்க வேகத்தக் கொறைக்காம ஒரசிட்டு வாரோம், நீங்க தப்பிக்கதுக்குள்ள சின்னக் கூண்டுல ஏறி வெளிய வந்திருங்க, புடிச்சிருவோம்.”

அனுப்பியது: “ஓடுத பஸ்சுல தாவி ஏறுத வயசா எனக்கு? கப்பலத் திருப்புங்க.”

“முடியாது.”

“புடிக்கேன்னு கிட்ட வந்து ஒம்பது பேரும் போவீயளா? ஏட்டி, திருப்பு.”

பிறகு: “திருப்பிட்டோம்.” அவ்வளவுதான். அவரை ‘ஏட்டி’ போட்டுக் கூப்பிட்டது இதுவே முதல் தடவை. கோபித்திருக்க மாட்டார்.

நாள் 204, காலை 6.10
குளிர்பதனம் நின்றது. காந்தங்கள் சூடு. சரி செய்யலாம், கை வரவில்லை. அசதி. எழுத மட்டும் கை வருகிறது. ஒரு வரி முடித்ததும் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததையே அது சொல்கிறது. இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்திருக்கிறேனே.

நாள் 204, நேரம் தெரியவில்லை
நிலையம் ஒரு தடவை குலுங்கியது. ஜன்னலில் நட்சத்திரம் இல்லை. இடிந்துவிட்டது. அது இருந்த இடத்தில் கறுப்பு. சுற்றிலும் விண்மீன்கள் வளைந்து தெரிகின்றன.

வடிவு, மெல்லிய எண்தான் சரி. நீங்கள் தூரத்தில் இருப்பீர்கள். சுற்றியிருந்த வாயு முழுதும் வெளுத்துக்கொண்டு என் பக்கம் வருகிறது, அழகாக இருக்கிறது, அதையும் எழுதி