பக்கம் சேராத ஏழு நாள்

ஆம்பூர்
9 பிப்ரவரி 2026, திங்கள், பகல் 1.10

அன்புள்ள குழலிக்கு,

அம்மா எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் அழித்துவிடாதே. ஒரே ஒரு முறை கடைசி வரை படி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் செந்தில் மாமா ஓசூருக்கு வருகிறான். நீங்கள் குடியிருக்கும் தெரு அவனுக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்க அவன் வைத்திருக்கும் வேன்களில் ஒன்றை ஓட்டுகிறவன், வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, மாவு மில்லுக்கு எதிரே உள்ள மஞ்சள் வீட்டுக்குள் நீ நம்பிப் போன மதியழகன் நுழைவதைப் பார்த்திருக்கிறான். நேற்று சாப்பிட்டுக்கொண்டே உன் மாமா சொன்னான்: "சண்டே காலைல கெளம்பிடலாம். நாலு பேரு போதும். லீவு நாளு, அவன் வூட்ல தான் இருப்பான்." நான் குழம்பு ஊற்றிக்கொண்டு நின்றேன். அது தட்டுக்கு வெளியே வழிந்ததை உன் அத்தை சங்கீதா பார்த்தாள். துணி எடுத்து வந்து துடைத்தாள்.

நீ நம்பரை மாற்றிவிட்டாய், புது நம்பர் என்னிடம் இல்லை. நீ விட்டுப்போன பழைய போனில் இந்த விண்வெளி விளையாட்டு இருந்தது. இதில் உன் பெயரிலேயே கப்பல் ஓட்டுவாய், பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு கணக்கு தொடங்கி உன்னைத் தேடினேன். உன் பெயருக்குக் கீழே ‘நேற்று வந்தார்’ என்று இருந்தது. நீ உயிரோடு இருக்கிறாய் என்று பதினோரு மாதம் கழித்து அப்படித்தான் தெரிந்துகொண்டேன். வாய்விட்டு அழுதுவிட்டேன்.

கம்பெனி கேட்டுக்கு எதிர்ச் சந்தில் வஜீதா வீடு. என் பக்கத்து மெஷினில் ஷூவின் மேல்தோல் தைப்பவள். சாப்பாட்டு நேரத்தில் அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் நெட்டில்தான் எழுதுகிறேன். போனும் அவளிடமே இருக்கிறது. பயப்படாதே.

இன்னொன்று. இங்கே கோட்டையர், வணிகர், நாடோடிகள் என்று மூன்று அணி. புதிதாக வந்தவள் ஏழு நாளைக்குள் ஒன்றில் சேர வேண்டுமாம். அதுவரை அவள் யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் போடலாம், எந்த அணிக்காரரும் அவளுக்குப் போடலாம். சேர்ந்த பிறகு சொந்த அணிக்குள் மட்டும்தான் கடிதம் போகும், வரும். சேர்ந்தால் சேர்ந்ததுதான், மாற முடியாது. எனக்கு அடுத்த திங்கள் பகல் ஒரு மணியோடு கெடு முடிகிறது. நீ உன் அணியை மறைத்து வைத்திருக்கிறாய். எது என்று சொல், அதிலேயே சேர்ந்துவிடுகிறேன். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வீட்டை விட்டுப் போய்விடுங்கள்.

உன் அம்மா,
செண்பகம்


10 பிப்ரவரி, செவ்வாய்

அம்மாவுக்கு,

எழுதியது நீதான் என்று தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

போன மார்ச்சில் வந்த செய்தியும் நீ எழுதியதுதான். "நெஞ்சு வலிக்குது குழலி, ஒரு தடவ மூஞ்சியக் காட்டிட்டுப் போ." வேறு யாராவது எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நம்பி வந்தோம். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நீ இல்லை. மாமாவும் மூன்று பேரும் நின்றார்கள். மதிக்கு இடது காது இன்றுவரை கேட்பதில்லை. அவனோடு பேச வேண்டுமானால் நான் வலது பக்கமாகப் போய் நிற்கிறேன். கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர் எங்கள் இருவரையும் உள்ளே இழுத்துப் போட்டிருக்காவிட்டால், உனக்குப் பதில் எழுத ஆள் இருந்திருக்காது.

அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினோம். இன்றைக்கும் கிளம்பு என்கிறாய். மாவு மில், மஞ்சள் வீடு என்று பயமுறுத்தி எங்களை வெளியே இழுத்துவிட்டு, மாமா இந்த முறை எந்த பஸ் ஸ்டாண்டில் நிற்கப் போகிறார்?

என் அணியைச் சொல்ல மாட்டேன்.

பூங்குழலி


11 பிப்ரவரி, புதன், பகல் 1.05

அன்புள்ள குழலிக்கு,

நீ எழுதியதை நாலு முறை படித்தேன். மதியழகனின் காது பற்றி எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று நடந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன். உன் மாமா என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றான், அவ்வளவுதான். "பேசிக் கூட்டிட்டு வரத்தாங்க்கா. அடிக்கல்லாம் மாட்டோம்" என்றான். நம்பினேன் என்று சொன்னால் பொய். பாதிதான் நம்பினேன். அடித்து இழுத்து வந்தாலும் சரி, நீ வீட்டில் இருந்தால் போதும் என்று மீதி மனசு ஆசைப்பட்டது. அந்தப் பையனுக்கு என்ன ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. நம் தெருக்காரன் இல்லை என்பதைத் தவிர அவனிடம் ஒரு குறையும் எனக்குத் தெரியாது. அப்படியிருந்தும் நினைக்கவில்லை. உன் அப்பா போன பிறகு நம் இருவருக்கும் சோறு போட்டவன் தம்பி. அவன் சொன்னால் சரி என்று தலையாட்டியே பழகிவிட்டேன். காரணமாக இதைச் சொல்லவில்லை. நடந்தது இது.

நேற்று வஜீதா என்னை போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் உன் மாமாவின் கூட்டாளி ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் என்னைப் பார்ப்பதற்குள் திரும்பி வந்துவிட்டேன். வஜீதா வழியெல்லாம் திட்டினாள்.

என்னை நம்ப வேண்டாம் குழலி. பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டாம், ரயிலுக்கும் போக வேண்டாம். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது மறைவாக நின்று ஞாயிறு காலையில் தெருவைப் பார். வெள்ளை வேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரை நேற்றே சுரண்டி எடுத்துவிட்டான். வேன் வராவிட்டால் நான் பொய்க்காரி. இருந்துவிட்டுப் போகிறேன்.

இந்த விளையாட்டில் வணிகர் அணி ஆள் ஒருவர் தினமும் எனக்குக் கடிதம் போடுகிறார். ‘எங்களிடம் வாருங்கள், முதல் கப்பல் நாங்கள் தருகிறோம்’ என்கிறார். யாரோ எவரோ, இப்படிக் கூப்பிடுகிறார். "நாடோடியப் போடுக்கா. வூட்ட வுட்டுப் போன பொண்ணு வேற இன்னாத்தப் போடும்?" என்கிறாள் வஜீதா. எனக்கு எதிலும் விரல் வைக்கப் பயமாக இருக்கிறது. தப்பாக அழுத்திவிட்டால் உன்னோடு பேச எனக்கு இருக்கிற ஒரே வழியும் அடைந்துவிடும்.

அம்மா


13 பிப்ரவரி, வெள்ளி

அம்மாவுக்கு,

மதி உன் கடிதத்தைப் படித்துவிட்டு, போய்விடலாம் என்கிறான். நான்தான் மறுக்கிறேன். பதினோரு மாதத்தில் இது மூன்றாவது வீடு. இந்தத் தெருவில்தான் இரண்டு பேர் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள்.

நடந்தது இது என்று எழுதியிருந்தாய். ஒன்றை விட்டுவிட்டாய். அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து மாமா வீட்டுக்குத்தானே வந்திருப்பார்? அவர் சட்டையெல்லாம் மதியின் ரத்தம். அந்தச் சட்டையை யார் துவைத்தது?

இனி எழுதாதே. உன் பெயர் திரையில் வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

பூங்குழலி


14 பிப்ரவரி, சனி, பகல் 1.00

குழலி,

நான்தான் துவைத்தேன். மூன்று தண்ணீர் ஊற்றி அலசினேன். கறை போகவில்லை என்று சோப்பை மாற்றினேன்.

இதற்கு மேல் எனக்காகக் கேட்க ஒன்றும் இல்லை. நாளைக்குக் கிளம்புகிறார்கள். வேனின் பின் சீட்டைக் கழற்றிவிட்டார்கள். கயிறு வாங்கி வந்திருக்கிறார்கள், என் கண்ணால் பார்த்தேன். என்னை வெறுத்துக்கொண்டே போ. அந்தப் பையனை வலது பக்கம் நின்று கூப்பிடு, எழுப்பு, கூட்டிக்கொண்டு போய்விடு. உன் காலில் விழுகிறேன்.

அம்மா


15 பிப்ரவரி, ஞாயிறு, மாலை 4.30

அன்புள்ள அம்மா,

வந்தார்கள்.

காலை ஏழே கால். நாங்கள் ஆறு மணிக்கே மாவு மில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டோம். மில்காரர் மனைவிதான் சாவி கொடுத்தார். ‘ஒரு நாள்தானே, வேன் வராது, இறங்கி வந்து தோசை ஊற்றுகிறேன்’ என்று மதியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளை வேன் தெருமுனையில் திரும்பியது. ஸ்டிக்கர் சுரண்டிய இடம் கண்ணாடியில் பளபளத்தது. மாமா பூட்டை உடைத்தார். உள்ளே ஆள் இல்லை என்றதும் பீரோவைச் சாய்த்தார்கள். என் துணிகளை வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள். மாமா என் பெயரைச் சொல்லி ஒரே ஒரு முறை கத்தினார். மதி என் வாயைப் பொத்தினான். தெரு கூடிவிட்டது, மில்காரர் போலீசுக்குப் போன் போட்டார். அவர்கள் போய்விட்டார்கள்.

நாங்கள் இப்போது ஓசூரில் இல்லை. எங்கே என்று சொல்லவில்லை, கேட்காதே.

நீ சொல்லியிராவிட்டால் இன்று காலை அவர்கள் வந்தபோது மதி அந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பான்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சட்டையை என்னால் மறக்க முடியுமா என்றும் தெரியவில்லை. ஆனால் நீ பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அது எனக்குப் போதும், இன்றைக்கு.

நான் கோட்டையர் அணி. வஜீதா அக்கா சொன்ன மாதிரி நாடோடியாகத்தான் இருப்பேன் என்று எல்லாரும் நினைப்பார்கள். கோட்டையரின் எல்லைக்குள் வேறு யாரும் வந்து சுட முடியாது, அதற்காகத்தான் சேர்ந்தேன். தினமும் வேலை முடிந்து வந்து, ஒன்றும் விளையாடாமல் அந்த எல்லைக்குள் கப்பலை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

நாளை ஒரு மணிக்குள் கோட்டையரை அழுத்து. அப்புறம் எத்தனை நாள் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

குழலி


16 பிப்ரவரி, திங்கள், பகல் 12.35

என் கண்ணே குழலி,

நீ இருக்கிறாய், அவனும் இருக்கிறான். வஜீதா இதைப் படித்துக் காட்டியபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. இன்னொரு முறை படி, இன்னொரு முறை படி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நேற்று சாயங்காலம் உன் மாமா திரும்பி வந்தான். கத்தவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "அவுளுக்கு ஆரு சொன்னது?" என்றான். எல்லார் முகத்தையும் பார்த்தான். சங்கீதா தலையைக் குனிந்துகொண்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தான். "பரவால்லக்கா. ஒனக்கு ஏதோ ஒரு வழி இருக்குது. அதே வழியில இன்னொரு லெட்டர் போடு. சாவக் கெடக்கறன்னு போடு. ஒன் எழுத்துக்கு அவ வருவா" என்றான். இன்று காலை கம்பெனிக்கு வர நான் அவன் வேனில் ஏறும்போது, உன் பழைய போன் எங்கே என்று கேட்டான். தொலைந்துவிட்டது என்றேன். வஜீதா வீடு வரை வர அவனுக்கு எத்தனை நாள் ஆகும்?

எனக்கு என்னைத் தெரியும் குழலி. இன்றைக்குத் தைரியமாக இருக்கிறேன். அவன் பக்கத்தில் வந்து நின்றால், நாளைக்கும் இப்படி இருப்பேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. ஒருமுறை எழுதினவள் நான்.

கோட்டையரைத் தொட்டால் உன்னோடு பேசலாம். காலையிலிருந்து மெஷினில் உட்கார்ந்து அதை மட்டும்தான் நினைத்தேன். உன் ஒரு வரிக்காக நான் எதையும் கொடுப்பேன். ஆனால் எனக்குத் திறக்கிற கதவு அவனுக்கும் திறக்கும்.

அதனால் இதை அனுப்பிவிட்டு நாடோடிகளை அழுத்தப் போகிறேன். அழுத்திவிட்டால் என் பெயரிலிருந்து ஓர் எழுத்தும் உனக்கு வராது. அவன் என் கழுத்தைப் பிடித்தாலும் வராது. இனி எந்த வழியாக, எந்தப் பெயரில் ‘அம்மா’ என்று ஒரு கடிதம் வந்தாலும் அது நான் இல்லை என்று தெரிந்துகொள். நான் எழுதியது மாதிரியே இருந்தாலும் நம்பாதே. படுத்த படுக்கையாக இருக்கிறேன் என்று வந்தாலும் வராதே. செத்துவிட்டேன் என்று வந்தாலும் வராதே. அது நிஜமாகவே இருந்தாலும் வராதே.

மதியழகனிடம் நான் கேட்டதாக என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லாதே. நன்றாகச் சாப்பிடச் சொல்.

வஜீதா "இப்புடிப் பண்ணாதக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பெல் அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது.

உன் அம்மா,
செண்பகம்


16 பிப்ரவரி, திங்கள், பகல் 12.52

அம்மா,

அழுத்தாதே. இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது. மதி சொல்கிறான், சாயங்காலம் மாமா வேனில் ஏறாமல் நேராக காட்பாடிக்கு வந்துவிடச் சொல், நாங்கள் வந்து கூட்டிக்கொள்கிறோம் என்று. மாற்றுப் புடவைகூட வேண்டாம். அப்படியே வா அம்மா. அழுத்தாதே, நான்

இந்தக் கடிதம் சென்று சேரவில்லை. செண்பகம் நாடோடிகள் அணியைச் சேர்ந்தவர்.