பாதி சீவிய பூனை

சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்.

இன்று பூனைக்கு நானே முடி சீவினேன். பாதி முதுகுதான் முடிந்தது. நீ பேசிக்கொண்டே பிடித்தால் அடங்கி உட்காருமே என்று நானும், "சும்மா இருடி செல்லம்" என்றேன். என் குரல் கேட்டதும் மிரண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டது. அது நம் வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. என் குரல் அதற்குப் பழக்கமில்லை. "சுவரோட குடும்பம் நடத்துறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை நீ அழுதது அப்போதுதான் உறைத்தது.

சோபாவில் அப்பியிருக்கும் முடியை ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். உன் கறுப்புச் சட்டையில் முடி ஒட்டாமலிருக்க அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

பி.கு.: எட்டு மணிக்கு வருவேன். தினமும் போல வந்ததும் புத்தகத்தில் மூழ்கமாட்டேன், இன்று அதைத் தொடவே மாட்டேன். பேச ஆரம்பித்தால் தட்டுத்தடுமாறுவேன், அதற்குள் எழுந்துபோய்விடாதே.